கூலி தருபவர் கையில் கூரையும் இருப்பதா?

ஜவ்வாது மலையில் சொந்தக் கூரை உள்ள குடும்பங்கள், மலையை விட்டு இறங்கிய அன்றே வீடில்லாதவை ஆகிவிடுகின்றன. திருப்பத்தூர் மாவட்டத்தின் மலை ஊராட்சிகளான புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு மூன்றிலும் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். மழையை நம்பிய மேட்டு நிலம் அவர்களுடையது. சாமை அறுவடை முடிந்ததும் மலையில் வேலை சுருங்கிவிடுகிறது. கர்நாடகத் தோட்டங்களில் காபிப் பழம் பறிக்க ஆள் தேடும் காலமும் அதுதான். மேஸ்திரி வந்து முன்பணம் கொடுத்து, குடும்பத்தையே வண்டி ஏற்றுகிறார். வேறு சிலர் திருப்பூருக்கும் கேரளத்துக்கும் கட்டட வேலைகளுக்கும் போகிறார்கள். கூலி எவ்வளவு என்று கேட்டுப் பேசி முடிவு செய்கிறார்கள். எங்கே தங்குவோம், எத்தனை பேரோடு, எத்தனை நாள் என்பது மட்டும் பேச்சில் வருவதே இல்லை. ‘இடம் நாங்க பார்த்துக்கிறோம்’ என்ற ஒரு வாக்கியத்தோடு அது முடிந்துவிடுகிறது.

அந்த வாக்கியத்தைத்தான் இங்கே எதிர்க்கிறோம். வேலை கொடுப்பவரே வீட்டுக்காரராகவும் இருந்தால், வேலையை இழக்கும் ஒருவர் அதே இரவில் படுக்க இடத்தையும் இழக்கிறார். கூலி பாக்கியைக் கேட்க வேண்டும் என்று நினைப்பவர் முதலில் தன் பிள்ளைகள் எங்கே தூங்கும் என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. யோசித்துவிட்டு வாயை மூடிக்கொள்கிறார். தோட்டத்து லைன் வீடு, மில் விடுதி, கட்டுமான இடத்துத் தகரக் கொட்டகை என்று பெயர் எதுவானாலும் பிடி ஒன்றுதான். ‘இலவசத் தங்குமிடம்’ என்று சொல்லப்படுவதற்கு உரிய விலை அந்த மௌனம்.

இது புதிய கண்டுபிடிப்பல்ல. சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1961-இல் தொழிலாளர் குடியிருப்பு பற்றி வெளியிட்ட 115-ஆம் பரிந்துரையிலேயே, முதலாளிகள் தங்கள் தொழிலாளர்களுக்கு நேரடியாக வீடு தருவது பொதுவாக விரும்பத்தக்கதல்ல என்று எழுதி வைத்தது. ஊரிலிருந்து வெகுதூரத்தில் வேலையிடம் இருப்பது போன்ற நிலைமைகளுக்கு மட்டும் விலக்கு அளித்தது. நம் நாடோ எதிர்த் திசையில் நடந்தது. 1979-ஆம் ஆண்டின் மாநிலங்களுக்கிடையே புலம்பெயர் தொழிலாளர் சட்டம், தங்குமிடம் தரும் கடமையை ஒப்பந்ததாரர் தலையில் வைத்தது. நோக்கம் நல்லதே. ஆனால் அந்த இடத்தின் மீது தொழிலாளருக்கு என்ன உரிமை, வேலை முடிந்தபின் எத்தனை நாள் இருக்கலாம் என்ற கேள்விகளுக்கு நடைமுறையில் பதில் இல்லாமலே போயிற்று.

மாநில எல்லையைத் தாண்டுபவரும் கடலைத் தாண்டுபவரும் இந்த ஒரு விஷயத்தில் ஒரே நிலையில்தான் நிற்கிறார்கள். சிங்கப்பூரில் அரசுக் குடியிருப்பான எச்.டி.பி. அடுக்குமாடி வீட்டைக் கட்டுமானத் துறையின் வொர்க் பெர்மிட்டில் வந்த தமிழ்நாட்டுத் தொழிலாளி வாடகைக்கு எடுக்க முடியாது. மலேசியருக்கு மட்டும் அதில் விலக்கு உண்டு. ஆகவே முதலாளி காட்டும் டார்மிட்டரிதான் கதி. 2020-இல் அங்கே கொரோனா பரவியபோது, டார்மிட்டரிகளில் இருந்த மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோரில் ஏறத்தாழ பாதிப் பேருக்குத் தொற்று ஏற்பட்டதை அந்நாட்டு அரசே அவ்வாண்டு டிசம்பரில் அறிவித்தது. நெருக்கமான அறை, பொதுக் கழிப்பறை, பொதுச் சமையல். நோய்க்கு வேறென்ன வேண்டும்? அதன் பிறகுதான் புதிய டார்மிட்டரிகளில் ஓர் அறைக்கு 12 பேருக்கு மேல் கூடாது என்ற விதி வந்தது.

குவைத் அதைவிடக் கொடுமை. 2024 ஜூன் 12 அதிகாலையில் மங்காஃப் பகுதியில், ஒரு நிறுவனம் தன் தொழிலாளர்களைத் தங்கவைத்திருந்த அடுக்குமாடிக் கட்டடத்தில் தீப்பிடித்தது. இறந்த சுமார் 50 பேரில் பெரும்பாலோர் இந்தியர்கள். அவர்களில் ஏழு பேர் தமிழ்நாட்டவர். உறக்கத்தில் இருந்தவர்களைப் புகை கொன்றது. அந்தக் கட்டடத்தில் எத்தனை பேர் தங்கலாம், மாடிப்படி எங்கே முடிகிறது, அறைத் தடுப்பு எதனால் ஆனது என்று கேட்கும் இடத்தில் அங்கே குடியிருந்த யாரும் இல்லை. பத்தாம் வகுப்புத் தேறாதவர் வளைகுடாவுக்கு வேலைக்குப் போக 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி அனுமதி பெற வேண்டும். வேலை ஒப்பந்தத்தையும் காட்ட வேண்டும். அப்படிக் காட்டும் தாளில் தங்குமிடம் தரப்படும் என்ற வரியோடு, அந்த இடத்தின் முகவரி, அறைக்கு எத்தனை பேர், தீயணைப்புச் சான்று ஆகியவை ஏன் கட்டாயமாக இருக்கக்கூடாது? சம்பளத்தைச் சரிபார்க்கும் அதிகாரிக்கு இதையும் சரிபார்ப்பது பெரிய சுமையல்ல.

இனி நம் வீட்டு வாசலுக்கு வருவோம். தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டம் 2017-இல் நிறைவேறி, 2019 பிப்ரவரி 22-இல் நடைமுறைக்கு வந்தது. எழுத்தில் ஒப்பந்தம், அதைப் பதிவு செய்தல், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கத் தடை, தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தி வெளியேற்றத் தடை என்று பல நல்ல கூறுகள் அதில் உண்டு. ஆனால் ஒரு நிறுவனம் தன் ஊழியருக்கு வேலை ஒப்பந்தத்தின் பகுதியாகத் தரும் வீட்டுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. யாருக்குப் பாதுகாப்பு மிகவும் தேவையோ அவர் வெளியே நிற்கிறார். இந்த விலக்கை நீக்க வேண்டும் என்பதே எங்கள் முதன்மையான கோரிக்கை. வேலை போனாலும் குறைந்தது ஒரு மாதம் அந்த அறையில் இருக்கும் உரிமையைத் தொழிலாளிக்குச் சட்டம் தர வேண்டும்.

முதலாளிகள் ஒரு நியாயமான கேள்வி கேட்பார்கள். நாங்கள் தராவிட்டால் இவர்களுக்கு யார் வீடு தருவார்கள்? உண்மைதான். ‘குடும்பமா, தனி ஆளா, எந்த ஊரு, என்ன ஆளுங்க’ என்ற விசாரணையைத் தாண்டி நகரத்தில் மலைவாழ் இளைஞர் ஒரு ரூம் பிடிப்பது எளிதல்ல. அதிலும் 2015 ஏப்ரல் 7-இல் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டியதாகக் கூறி ஆந்திரக் காவல்துறையினரால் தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டபின், ஜவ்வாது மலை என்றாலே செம்மரம் என்று பேசும் வாய்கள் பெருகின. கொல்லப்பட்டவர்களில் இந்த மலையிலிருந்து போனவர்களும் உண்டு. பிழைக்க வழியில்லாமல் போன சிலரின் சாவை வைத்து ஒரு மலையின் முகவரியையே குற்றமாக்குவது அநீதி. அந்த அநீதியை ஏற்றுக்கொண்டு, ‘அதனால் முதலாளி காட்டும் கொட்டகையே போதும்’ என்று சொல்வது அதைவிடப் பெரிய அநீதி.

அரசு வாடகைக்கு இருப்பவரைக் கவனிக்காமல் இல்லை. 2012-இல் வேளச்சேரியில் வங்கிக் கொள்ளைச் சந்தேகத்தில் ஐந்து பேர் சுட்டுக் கொல்லப்பட்டபின், குடியிருப்போர் விவரத்தைக் காவல் நிலையத்தில் தர வேண்டும் என்று சென்னையில் உத்தரவு வந்தது. இங்கிலாந்தில் 2016 முதல், வாடகைக்கு வருபவரின் குடியேற்ற ஆவணத்தை வீட்டுக்காரரே சோதிக்க வேண்டும். வெளியூர்க்காரரையும் வெளிநாட்டவரையும் சந்தேகிக்க ஏற்பாடுகள் உடனே பிறக்கின்றன. அவர்களைப் பாதுகாக்கும் ஏற்பாடு மட்டும் சட்டப் புத்தகத்திலேயே தங்கிவிடுகிறது.

வேறு வழி உண்டு என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே தொடக்கம் இருக்கிறது. 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் அருகே ஐபோன் ஆலைப் பெண் தொழிலாளர்கள் விடுதி உணவால் நோயுற்று, சாலையில் அமர்ந்து போராடினார்கள். அதன் பிறகு 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் இத்தகைய தொழிலாளர்கள் 18,720 பேர் தங்கும் குடியிருப்பை அரசு நிறுவனமான சிப்காட் கட்டித் திறந்தது. பணிபுரியும் பெண்களுக்கான தோழி விடுதிகளையும் அரசு நடத்துகிறது. இவற்றில் தோழி விடுதியே நாங்கள் விரும்பும் வழி. அங்கே தங்குபவர் வேலையை மாற்றிக்கொண்டாலும் அறை அவருடையதாகவே இருக்க முடியும். திருப்பூர், ஓசூர் போன்ற ஊர்களில் குடும்பங்களுக்கும் ஆண்களுக்கும் இதே முறையில் வாடகைக் குடியிருப்புகள் வேண்டும். மலைவாழ் மக்களுக்கு அவற்றில் குறிப்பிட்ட பங்கு ஒதுக்க வேண்டும்.

புதூர்நாட்டில் இந்த அறுவடைக்குள்ளேயே செய்யக்கூடிய ஒன்றும் இருக்கிறது. மேஸ்திரி ஆள் எடுக்க வரும்போது, போகும் இடத்தின் முகவரி, தங்கும் அறை, உடன் தங்குவோர் எண்ணிக்கை, வேலை முடிந்தபின் எத்தனை நாள் இருக்கலாம் என்பது ஆகியவற்றை ஒரே தாளில் தமிழில் எழுதிக் கையெழுத்திட வைக்க வேண்டும். அதன் ஒரு நகல் ஊராட்சி அலுவலகத்திலும், இன்னொன்று குடும்பத்திடமும் இருக்கட்டும். மாவட்ட ஆட்சியர் ஆணையிட்டால் தொழிலாளர் துறையும் பழங்குடியினர் நலத்துறையும் சேர்ந்து இதைச் செய்ய முடியும். தாளில் எழுத மறுக்கும் மேஸ்திரியின் வண்டி மலையிலிருந்து ஆள் ஏற்றிக்கொண்டு இறங்க அனுமதிக்கக் கூடாது.