நூறாண்டு மழையைக் கணக்கிடும் மென்பொருள்

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை, மீரியபெத்த தோட்டத்து லயன்களை மண்சரிவு மூடியது. இன்று 24 மணிநேர மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினாலே, அந்தத் தோட்டம் இருக்கும் பதுளை மாவட்டத்தில் மண்சரிவு எச்சரிக்கை வருகிறது. அது மழைமானியில் நேரே வாசிக்கும் எண். ஆனால் புதிய வீடுகளை எங்கே கட்டுவது, மதகை எவ்வளவு அகலமாக வைப்பது என்று தீர்மானிக்க நூறாண்டு மழை தெரிய வேண்டும். எந்த ஆண்டிலும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பே உள்ள மழை அது. சில பத்தாண்டுப் பதிவுகளுக்கு ஒரு நிகழ்தகவுப் பரம்பலைப் பொருத்தி, காமா சார்பையும் மடக்கையையும் கணினியிடம் விட்டுத்தான் அதைப் பெறுகிறார்கள். அந்த எண்ணை வெளியிடுவோர் எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு, எதனோடு ஒப்பிட்டுச் சோதித்தது என்பதையும் சேர்த்து வெளியிட வேண்டும்.

எக்செல் 97 மிகச் சிறிய நிகழ்தகவுகளைப் பிழையாகத் தருவதை புள்ளியியலாளர் லியோ க்னூசெல் 1998இல் காட்டினார். பல சார்புகள் திருந்தியது 2010 பதிப்பில்தான். பெருமழைக் கணக்கில் பெரிதும் பயன்படும் அதிதீவிர மதிப்புப் பரம்பலில் இன்னொரு பொறி உண்டு. அதன் வடிவ எண் பூச்சியத்தை மிகவும் நெருங்கினால், ஏறத்தாழ ஒன்றான ஓர் எண்ணை ஒன்றிலிருந்து கழித்து, மீதியை அந்த வடிவ எண்ணால் வகுக்க நேரும். கணினி சுமார் 16 இலக்கங்களையே வைத்திருப்பதால் மீதி கரைந்து பூச்சியமாகிவிடும். சூத்திரத்தை அப்படியே தட்டச்சு செய்தவருக்கு நூறாண்டு மழை, சாதாரண ஆண்டொன்றின் பெருமழை அளவுக்குச் சுருங்கி நிற்கும். பிழைச் செய்தி எதுவும் வராது. அரிதான நிலைதான், ஆனாலும் இதைத் தவிர்க்கும் சார்பு கணித நூலகங்களில் தயாராக இருக்கிறது.

மழைமானியே பல வீதம் பிசகும், பதிவேட்டில் நாட்கள் விடுபட்டிருக்கும், காலநிலையும் மாறுகிறது. இதில் பதினைந்தாம் தசமதானத்துக்கு ஏன் வழக்காட வேண்டும் என்று கேட்கலாம். பாதி நியாயம். அப்ரமோவிட்ஸ்–ஸ்டீகன் கணிதச் சார்புக் கையேட்டின் (1964) ஓர் எளிய சூத்திரம் 0.00045 வரை பிழைவிடும். கச்சான் வீசும் மாதங்களின் வரட்சிச் சுட்டியைக் கணிக்க அதுவே தாராளம். அந்தப் பிழையின் எல்லை சூத்திரத்துடனேயே அச்சாகியிருக்கிறது என்பதால்தான் அதை நம்பலாம். மழைமானியின் பிசகையும் நம்பிக்கை இடைவெளியாக எழுதிக் காட்ட முடியும். மென்பொருளின் பிழையோ அந்த இடைவெளிக்குள் வருவதில்லை; வரைபடத்தில் அபாயக் கோடாக ஏறிவிட்டால், அதன் கீழே குடியிருப்பவர் மீண்டும் கணக்குப் போட்டுப் பார்க்கவும் வழியில்லை. ஒப்பிடத் தேவையான கணிதச் சார்பு நூலகத்தை அமெரிக்காவின் தேசிய தரநிர்ணய நிறுவனம் 2010 முதல் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. சோதனைக்கு அரை நாளும், அறிக்கையில் இரண்டு வரியும் போதும்.