அக்டோபர் 15: சம்மட்டிபுரத்தில் உறங்கும் ஒருவர்



அக்டோபர் 15 என்றதும் நம் மக்தப் பிள்ளைகள் ஒரே குரலில் "அப்துல் கலாம் பிறந்த நாள்" என்கின்றனர். 1931இல் இராமேசுவரத்தில் பிறந்த அன்னாரின் நாளை இளைஞர் எழுச்சி நாளாக அரசும் கொண்டாடுகிறது, மகிழ்ச்சியே. 1764இல் அதே தேதியில் நம் மதுரையில் தூக்கிலிடப்பட்டவர் யார் என்று கேட்டோம். வகுப்பு மௌனமாயிற்று. கான் சாகிபு என்னும் மருதநாயகம் என்றதும் ஒரு சிறுவன், "அது கமல் படம்தானே, ஹஜ்ரத்?" என்றான். வெளிவராத ஒரு திரைப்படத்தின் பெயராக மட்டுமே அவர் எஞ்சியிருக்கிறார்!

பனையூரில் பிறந்து, இஸ்லாத்தைத் தழுவி, கம்பெனிப் படையின் தளபதியாக உயர்ந்து, மதுரைச் சீமையை ஆண்டவர் முகம்மது யூசுப் கான். கண்மாய்களைச் செப்பனிட்டார், மீனாட்சியம்மன் கோயிலுக்குரிய நிலங்கள் மீளவும் வழிசெய்தார். 1763இல் ஆற்காட்டு நவாபையும் கம்பெனியையும் எதிர்த்து நின்றார். முற்றுகை மாதக்கணக்கில் நீண்டும் கோட்டை விழவில்லை. உடனிருந்தோரே அவரைக் காட்டிக்கொடுத்தனர்; தொழுகையில் இருந்தபோது பிடிபட்டார் என்பர்.

இவரை அப்பழுக்கற்ற தியாகியாக்கிப் பிள்ளைகளுக்குச் சொல்வதில் நமக்கு உடன்பாடில்லை. பூலித்தேவருக்கு எதிராகக் கம்பெனிக்காகப் போரிட்டவரும் இவரே. இவரைத் தூக்கிலிட்ட நவாப் முகம்மது அலியும் ஒரு முஸ்லிமே. சமயச் சண்டையாக இதைத் திரிக்க முயல்வோருக்கு இவ்வுண்மை இடம் கொடுக்காது. குறையும் நிறையுமாகச் சொன்னால்தான் பிள்ளைகள் நம்மை நம்புவர்.

ஆங்கிலத் தேதி நமக்கெதற்கு என்று பெரியவர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஹிஜ்ரிக் கணக்கில் முன்னது 1178 ரபீவுல் ஆகிரிலும், பின்னது 1350 ஜமாதுல் ஆகிரிலும் விழுகின்றன, இரண்டுக்கும் தொடர்பில்லை. அந்நாளுக்குத் தனிச் சிறப்பு ஏதும் மார்க்கத்தில் இல்லை. நினைவுக்கு ஒரு கொக்கி, அவ்வளவே.

இன்ஷா அல்லாஹ், வரும் அக்டோபர் 15 அன்று அஸர் தொழுகைக்குப் பின் மாணவர்களைச் சம்மட்டிபுரத்திலுள்ள அவரது அடக்கத்தலத்திற்கு அழைத்துச் செல்ல எண்ணியுள்ளோம். விளக்கும் விழாவும் இல்லை. ஒரு துஆ, அரைமணி நேர வரலாறு. பெற்றோரும் உடன் வரலாம்.