வெப்பமானியைக் கேட்பதா, பாறையைக் கேட்பதா?

செங்குத்தான பாறைகளில் கையையும் காலையும் ஊன்றி ஏறுவது இன்று பல நாடுகளில் ஒரு விளையாட்டாக வளர்ந்திருக்கிறது. தவறி விழுந்தால் காப்பதற்குக் கயிறும், பாறை வெடிப்புகளில் செருகும் உலோகக் கருவிகளும் உண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள யோசெமிட்டிப் பள்ளத்தாக்கு இதற்குப் பெயர் பெற்ற இடம். அங்குள்ள எல் காப்பிட்டான் பாறையின் உயரம் ஏறக்குறைய 900 மீட்டர். ஆனால் குளிர்காலத்தில் அங்கே பனி பெய்யும். எனவே பாறை ஏறுவோர் வெப்பமான இடம் தேடித் தெற்கே புறப்படுவர். எந்த இடத்தைத் தேர்ந்தெடுப்பது?

"வெப்பமானி எங்கே அதிகம் காட்டுகிறதோ அங்கே" என்பதுதான் பலருக்கும் முதலில் தோன்றும் விடை. அது போதாது என்பது என் கருத்து. வெப்பமானியை மட்டும் கேட்டால் அது புளோரிடாவுக்கு வழி காட்டும். குளிர்காலத்திலும் அங்கே இதமாக இருக்கும். ஆனால் அம்மாநிலத்தின் மிக உயர்ந்த இடமே கடல் மட்டத்திலிருந்து 105 மீட்டர்தான்! ஏறுவதற்குப் பாறை வேண்டாமா?

பாறை இருந்தாலும் வெப்பம் மிகுவது நல்லதன்று. ஏறுபவரைத் தாங்குவது உராய்வு. விரல்கள் வியர்த்தால் பிடி வழுக்கும். அதற்காகக் கடுங்குளிரும் ஆகாது. விரல் மரத்துப்போகும், காலணியின் ரப்பர் அடிப்பாகம் இறுகிவிடும். ஆகவே வேண்டியது குளிர்ந்த, உலர்ந்த காற்று. இத்தகைய இடங்களில் ஒன்று தென் கலிபோர்னியாவின் பாலைவனத்திலுள்ள ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்கா. மேற்கேயுள்ள மலைகள் பசிபிக் கடலின் ஈரக்காற்றைத் தடுத்துவிடுவதால் இது மழை மறைவுப் பகுதி. குளிர்காலப் பகலில் இங்கே வெப்பநிலை சுமார் 15 பாகை செல்சியஸ்.

"15 பாகையா? கை விறைத்துவிடாதா?" என்று நீங்கள் கேட்கலாம். இங்கேதான் வெப்பமானி நம்மை ஏமாற்றுகிறது. வானிலை நிலையங்களில் வெப்பமானியை வெயில் படாத கூண்டுக்குள் வைக்கிறார்கள். அது காட்டுவது நிழலிலுள்ள காற்றின் வெப்பநிலை. வெயில் படும் பாறையின் வெப்பநிலை அன்று.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஜோஷுவா ட்ரீ ஏறக்குறைய 34 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. டிசம்பர் 21 அன்று நண்பகலில் அங்கே சூரியன் அடிவானத்திலிருந்து 90 - 34 - 23.5 = 32.5 பாகை உயரத்தில் நிற்கும். சைன், கொசைன் அட்டவணையைப் புரட்டுங்கள். சைன் 32.5 என்பது 0.54, கொசைன் 32.5 என்பது 0.84. அதாவது, கதிருக்கு நேர் எதிரே பிடித்த தளத்தில் 100 பங்கு வெயில் விழுந்தால், சமதரையில் 54 பங்கும் தெற்கு நோக்கிய செங்குத்துச் சுவரில் 84 பங்கும் விழும். ஜூன் மாத நண்பகலில் அதே சுவருக்குக் கிடைப்பது 18 பங்குதான்! குளிர்காலச் சூரியன் தெற்குச் சுவருக்கு நண்பன். எனவே வெப்பமான ஊரைத் தேடாதீர்கள். வெப்பமான சுவரைத் தேடுங்கள். ஆனால் ஓர் எச்சரிக்கை. அங்கே டிசம்பரில் பகல் ஏறக்குறைய 10 மணி நேரமே. இரவில் உறைநிலைக்கே போய்விடும். பொழுது சாயுமுன் இறங்கிவிட வேண்டும்.

இனி, எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி: பாறை எப்படிப்பட்டது? நெவாடா மாநிலத்தில், லாஸ் வேகாஸ் நகருக்கு அருகே உள்ள ரெட் ராக் மலைகளும் குளிர்காலத்தில் ஏறுவோரை ஈர்ப்பவை. அவை மணற்கல். சுமார் 18 கோடி ஆண்டுகளுக்கு முன் காற்று குவித்த மணல்மேடுகள் இறுகிப் பாறையாயின. மணலைப் பிணைத்து நிற்பவை சுண்ணாம்பு, இரும்பு ஆக்சைடு, களிமண் போன்றவை. மழை பெய்தால் நீர் நுண்துளைகளில் புகுந்து இப்பிணைப்பைத் தளர்த்திவிடும். மேற்பரப்பு காய்ந்த பின்னும் உள்ளே ஈரம் இருக்கும். அப்போது ஏறினால் கைப்பிடி பெயர்ந்து வரலாம். காப்புக்கென்று செருகிய கருவியும் பாறையோடு பிடுங்கிக்கொண்டு வரலாம். எனவே மழைக்குப் பின் 1 முதல் 3 நாள் வரை ஏறாமல் இருப்பது அங்கே வழக்கம். பாறையின் அடியில் மண்ணைச் சற்றுக் கிளறிப் பார்ப்பார்கள். ஈரமாக இருந்தால் திரும்பிவிடுவார்கள். ஜோஷுவா ட்ரீயின் பாறையோ வேறு வகை. அது நிலத்தடியில் பாறைக்குழம்பு ஆறி உருவான, கருங்கல் இனத்தைச் சேர்ந்த கெட்டிப் பாறை. நீர் உள்ளே அதிகம் புகாது. வெயில் வந்தால் விரைவில் காய்ந்துவிடும்.

"விடுமுறையோ நான்கே நாள்! இவ்வளவு தூரம் வந்துவிட்டுச் சும்மா இருப்பதா?" என்பார் சிலர். அவர்கள் ஏமாற்றம் நமக்குப் புரிகிறது. ஆனால் நம் விடுமுறை எத்தனை நாள் என்பது மணற்கல்லுக்குத் தெரியாது. பெயர்ந்த பிடி மீண்டும் முளைக்காது. பின்னால் வருவோருக்கு அந்த வழியே இல்லாமல் போகும். உயிருக்கும் ஆபத்து. அறிவுள்ளவர் செய்ய வேண்டியது வேறு. லாஸ் வேகாஸிலிருந்து ஜோஷுவா ட்ரீக்குக் காரில் சில மணி நேரப் பயணம்தான். மணற்கல் நனைந்தால் கருங்கல்லுக்குப் போவது என்று, புறப்படும் முன்பே இரண்டு இடங்களைத் தேர்ந்து வைக்கலாம்.

ஆக, கேள்விகளின் வரிசையைத் தலைகீழாக மாற்றுங்கள். முதலில், எந்த வகைப் பாறை? அடுத்து, அது காய்ந்திருக்கிறதா? பிறகு, எந்தப் பக்கம் வெயில்? வெப்பமானியின் முறை கடைசியில் வரட்டும்.