சாம்பிராணியும் பென்சீனும்

சந்தனத்திற்குப் பெயர்பெற்ற ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் உள்ளது சந்தவாசல். அவ்வூர் மாணவர்க்கு மணம் புதிதன்று. 'பென்சீன்' என்னும் சொல்தான் அயலாகத் தோன்றும். ஆனால் அச்சொல்லின் வேர், நம் இல்லங்களில் புகையும் சாம்பிராணியே!

சுமத்ராத் தீவின் சாம்பிராணியை அரபு வணிகர் 'லுபான் ஜாவி' என்றனர். சுமத்ராவையும் அவர்கள் ஜாவா என்றே வழங்கினர். 14ஆம் நூற்றாண்டுப் பயணி இப்னு பதூதாவும் இப்பெயரைச் சுட்டுகிறார். ஐரோப்பியர் நாவில் முதலெழுத்துத் தேய்ந்து அது 'பென்சாயின்' ஆயிற்று. அப்பிசினிலிருந்து கிடைத்தது பென்சாயிக் அமிலம். மைக்கேல் பாரடே 1825இல் பிரித்தெடுத்த நீர்மத்தையே, ஜெர்மானியர் மிட்ஷர்லிக் 1833இல் அவ்வமிலத்தைச் சுண்ணாம்புடன் சூடேற்றிப் பெற்று, 'பென்சின்' எனப் பெயரிட்டார்.

வேரை அறிதல் பெருமைக்கு மட்டுமன்று, எச்சரிக்கைக்கும் ஆகும். பென்சீன் வகைச் சேர்மங்களை 'அரோமேட்டிக்' என்கிறோம். நறுமணமுடையவை என்பது அதன் பழம்பொருள். இன்று அது மணத்தைக் குறிப்பதில்லை. அணு வளையத்தின் தனித்தன்மையையே குறிக்கிறது. பென்சீன் ஆவியோ இரத்தப் புற்றுநோய்க்குக் காரணமாக வல்லது. பெயரை நம்பி முகர்தல் பேதைமை.

ஆகவே, சொல்லின் பிறப்பைத் தமிழாசிரியரும் பொருளின் இயல்பை வேதியியல் ஆசிரியரும் சேர்ந்தே கற்பித்தல் வேண்டும் என்பது நம் கருத்து. மனப்பாடம் செய்த சொல் தேர்வோடு மறையும். வேரறிந்த சொல் வாழ்நாளெல்லாம் துணைநிற்கும்.