வலீமாவில் வேண்டும், வரனாக வேண்டாமா?



அண்மையில் ஜோலார்பேட்டையில் ஒரு வலீமாவுக்குச் சென்றிருந்தேன். மஹாலின் வாசலிலேயே நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. பள்ளிவாசலில் இஷாவுக்குப் பாங்கு ஒலித்தபோது பாட்டை நிறுத்தியவர் மணமகனின் தந்தையும் அல்லர், ஜமாஅத் பெரியவர்களும் அல்லர். மடிக்கணினிக்குப் பின்னால் நின்ற டி.ஜே. பையன்தான். நம் தெருப் பிள்ளை. அவன் தந்தை ஆம்பூரில் காலணித் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். "ஏன் நிறுத்தினாய், போடு" என்று அதட்டியவர் யார் என்பதை எழுதினால் நாளை நான் அந்தத் தெருவில் நடக்க முடியாது.

அந்தப் பையனுக்குப் பெண் கேட்டுப் போனார்கள். அதே வலீமாவில் பிரியாணி உண்ட ஒரு குடும்பம், "டி.ஜே. சம்பாத்தியம் ஹராம்" என்று மறுத்துவிட்டது. அவன் வாங்கிய கூலி ஹராம் என்றால், அதை எண்ணிக் கொடுத்த கை எதில் சேரும்?

இசைக் கருவிகளை நான்கு மத்ஹபுகளின் பெரும்பான்மை அறிஞர்கள் தடுத்துள்ளனர். அந்தலூசியாவின் இப்னு ஹஸ்ம் போன்ற சிலர் மாறுபட்டனர். நிக்காஹை அறிவிக்கத் தஃப் அடிப்பதற்கு அனுமதி உண்டு. இந்தச் சட்ட ஆய்வை உலமாக்களிடமே விட்டுவிடுகிறேன். ஆனால் அண்டை வீட்டாரை உறங்கவிடாமல் செய்வதற்கு எந்த மத்ஹபில் அனுமதி இருக்கிறது? குடியிருப்புப் பகுதிக்கு அரசு விதித்த ஒலி வரம்பு பகலில் 55 டெசிபல், இரவில் 45. 100 டெசிபல் ஒலியை 15 நிமிடங்களுக்கு மேல் கேட்பது செவிக்குத் தீங்கு என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். நாமோ மடியில் கைக்குழந்தையோடு மூன்று மணி நேரம் அமர்ந்திருக்கிறோம்.

இனி அந்தப் பையனிடம். அவன் தன் கைப்பேசியில் எனக்குக் காட்டியது நியூக்ளியாவின் மேடையை. ஆயிரக்கணக்கான இளைஞர்கள் துள்ளுகிறார்கள். உத்யன் சாகர் என்ற அந்த மனிதர் நண்பர்களோடு 'பந்திஷ் புராஜெக்ட்' குழுவைத் தொடங்கியது 1998இல். 'பேஸ் ராணி' வெளிவந்தது 2015இல். இடையில் 17 ஆண்டுகள்! அந்த ஆண்டுகளைக் கைப்பேசி காட்டுவதில்லை. "ஏ.ஆர். ரஹ்மானும் முஸ்லிம்தானே?" என்றான். ஆம். சிறு வயதில் தந்தையை இழந்து, பள்ளிப் பருவத்திலேயே பிறர் இசைக்கூடங்களில் கீபோர்டு வாசித்து, விளம்பரங்களுக்கு இசையமைத்த பிறகுதான் 1992இல் 'ரோஜா' வந்தது. பிறர் பாட்டைப் பென் டிரைவில் ஏற்றி ஒலிக்கவிடுவது வேறு, ஒலியைக் கற்பது வேறு.

ஏறி நின்றவரின் கதையையும் அவனுக்குச் சொன்னேன். ஸ்வீடனின் டிம் பெர்க்லிங் 'அவீச்சி' என்ற பெயரில் உலகை ஆடவைத்தவர். (பௌத்த மரபில் அது ஒரு நரகத்தின் பெயர், அவராகவே சூட்டிக்கொண்டது.) 2011இல் 'லெவல்ஸ்', மொத்தத்தில் 800க்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகள். இரவெல்லாம் மேடை, விடிந்தால் விமானம், மேடையேறும் பதற்றத்தை அடக்க மது. இருபத்திரண்டு வயதில் கணைய அழற்சி; 2014இல் பித்தப்பையும் குடல்வாலும் அகற்றப்பட்டன. 2016இல் மேடையை விட்டார். 2018 ஏப்ரல் 20 அன்று மஸ்கத்தில் உயிர் நீத்தார். வயது 28. நம் ஊர்ப் பிள்ளைகள் பிழைப்புக்குப் போகும் அதே மஸ்கத்.

பையன் நெடுநேரம் பேசவில்லை. பிறகு கேட்டான்: "நான் விட்டுவிடுகிறேன் அத்தா. வேறு வேலை யார் தருவீர்கள்?"

இந்தக் கேள்விக்கு ஜமாஅத்தில் யாரிடமும் பதில் இல்லை. மதுக்கூட மேடைகளுக்கு அவன் போகக்கூடாது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஒலிப்பதிவும் ஒலித்தொகுப்பும் கற்ற கைகள் அவை. நம் பள்ளிவாசலின் ஒலிபெருக்கி ஒவ்வொரு ஜுமுஆவிலும் வீறிடுகிறது. பயான் பதிவுகளில் பாதி சொற்கள் விளங்குவதில்லை. அவற்றைச் சரிசெய்ய அவனை அழைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. அழைத்தாலும் "அல்லாஹ்வுக்காகச் செய், தம்பி" என்று கூலியின்றி அனுப்புவோம். ஆட்டத்துக்கு மட்டும் முன்பணம்.

அடுத்த மாதம் என் தங்கை மகனின் நிக்காஹ். பாட்டுப் பெட்டிகள் வேண்டாம் என்று மஹாலில் சொல்லிவிட்டேன். குத்பாவைப் பதிவு செய்ய அந்தப் பையனை அழைத்திருக்கிறேன். வலீமாவுக்கு வாங்குவதில் பாதி போதும் என்றான்; முழுவதையும் தருவதாகச் சொன்னேன். வீட்டில் இதற்கும் எதிர்ப்பு இருக்கிறது.