சேறும் குறிஞ்சியும்

நீண்ட விடுமுறை வந்துவிட்டால், நான்கு சக்கர இயக்க வண்டிகள் அணிவகுத்து ஜொகூரின் மலைக்காட்டுப் பாதைகளை நாடிச் செல்கின்றன. மூன்று நாள், நான்கு நாள் எனக் கூடாரமடித்துத் தங்கித் திரும்பும் இளைஞருள் தமிழரும் உளர். திரும்பியவர் நாவில் ஓயாது ஒலிக்கும் சொல், 'வென்றோம்' என்பது. மேட்டை வென்றோம், சேற்றை வென்றோம் என்கின்றனர். யாரோடு பொருதனர்? எதனை வென்றனர்? இவ்வினாவை எழுப்ப வேண்டியவர் தமிழாசிரியரே.

தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று கூறி அமையவில்லை. தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், பறை, தொழில் முதலியவற்றைக் கருப்பொருள் என வகுத்து, மாந்தர்தம் ஒழுக்கத்தை உரிப்பொருளாக வைத்தது. மரமும் புள்ளும் மாந்தரும் அறியாதவன் மலையுச்சியில் நின்றாலும் குறிஞ்சியில் நின்றவனாகான். அவன் கண்டது வெறும் மேடு. குறிஞ்சியின் கருப்பொருள்களைத் தேர்வுத்தாளில் வரிசைப்படுத்தி முழு மதிப்பெண் பெறும் மாணவன், தான் பிறந்த மாநிலத்து மலைமரம் ஒன்றன் பெயரைக் கூற மாட்டாது விழிப்பானாயின், அக்கல்வியால் ஆய பயன் யாது?

காஹாங்கிலிருந்து கம்போங் பேத்தா வரை ஏறத்தாழ 56 கிலோமீட்டர் நீளும் பாதை, செம்பனைத் தோட்டங்களையும் காட்டையும் ஊடுருவிச் செல்கின்றது. அதன் முடிவில் எண்டாவ் ஆற்றங்கரையில் ஜக்குன் பூர்வகுடியினர் வாழ்கின்றனர். அதற்கப்பால் படகும் காலுமே துணை. எண்டாவ்-ரொம்பின் காடு அங்கேதான் தொடங்குகின்றது. ஆயின், வண்டி நின்ற இடத்திலேயே தம் பயணமும் முடிந்ததாகக் கருதுவோர் பலர்.

வண்டி செல்லாவிடில் இளைஞர் காட்டை அறிவது எங்ஙனம் எனச் சிலர் வாதிடுவர். அவ்வாதத்தில் உண்மை உண்டு. 1977இல் இக்காட்டின் பகாங் பகுதியில் மரம் வெட்ட இசைவு அளிக்கப்பட்டபோது நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. பின்னர், 1985-86இல் மலாயா இயற்கைக் கழகம் ஓராண்டுக்கால ஆய்வுப் பயணத்தை நடத்தியது. அறிவியலாரும் தொண்டர்களும் காட்டினுட் புகுந்தனர். செடியையும் பூச்சியையும் மீனையும் எழுதிக்கொண்டு திரும்பினர். 1993இல் ஜொகூர்ப் பகுதி பூங்காவாக அரசிதழில் அறிவிக்கப்பட்டது. ஆதலின் காட்டிற்குச் செல்வது குற்றமன்று. வெறுங்கையோடு சென்று சேற்றோடு திரும்புவதே குற்றம்.

அச்சேற்றின் கதையையும் மாணவர் அறிதல் வேண்டும். ஈர மண்ணில் கனத்த சக்கரம் பறித்த பள்ளம், அடுத்த மழையில் ஓடையாகின்றது. கரைந்த மண் ஆற்றில் இறங்கி மீன்முட்டைகளை மூடுகின்றது. விளையாட்டு ஒரு பிற்பகலில் முடிந்துவிடும். ஆறு கலங்கியது அத்துணை விரைவில் தெளியாது. இக்காட்டில் ஒருகாலத்தில் சுமத்திராக் காண்டாமிருகம் உலவியது. மலேசியாவின் கடைசிக் காண்டாமிருகம் 2019 நவம்பரில் சபாவில் மடிந்தது. கருப்பொருள் ஒன்று நாட்டை விட்டே நீங்கிய அச்செய்தியை எத்தனை தமிழ் வகுப்புகள் பேசின?

ஜானிங் மலையில் ஒரு விசிறிப்பனை வளர்கின்றது. அது தன் அறிவியற் பெயரில் எண்டாவின் பெயரையே தாங்கி நிற்கின்றது. பனையோலையில் தம் இலக்கியத்தை எழுதிக் காத்த இனத்தார்க்கு அது உறவன்றோ? அதனைப் பாடிய மலேசியத் தமிழ்க் கவிதை எங்கே?

எனவே, தமிழாசிரியர் மாணவரை அழைத்துச் செல்லட்டும். பருவமழைக் காலத்தில் பூங்கா மூடப்படுவது வழக்கமாதலின், அக்காலத்தை நீக்கிச் செல்லட்டும். முதல் நாள் பாதையில் மெல்லச் செல்க. இரண்டாம் நாள் வண்டியை விடுத்து, ஜக்குன் வழிகாட்டியின் பின்னே நடக்க. அவர் கூறும் மரப்பெயரையும் புள்ளின் பெயரையும் ஏட்டில் எழுதுக. மூன்றாம் நாள், உண்ட மிச்சமும் உடைந்த பொருளும் ஒன்றும் விடாது எடுத்துக்கொண்டு திரும்புக. அந்த ஏட்டிலிருந்து வகுப்பறையில் குறிஞ்சிப் பாடம் தொடங்கட்டும். அன்று 'வென்றோம்' என்னும் சொல் மாணவர் நாவினின்று தானே நீங்கும். 'கண்டோம்' என்னும் சொல் அவ்விடத்தைப் பெறும்.