நட்சத்திரம் வரைந்த கை

கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்தபடி, இரட்டைக் கோட்டு நட்சத்திரத்தின் நடுவே பென்சிலை ஓட்ட வேண்டும். முதல் நாள் கை தடுமாறியது. மூன்றாம் நாள் கோடு அவ்வளவாகப் பிசகவில்லை. ஆனால், வரைந்த ஹென்றி மொலைசனுக்கு இதற்குமுன் வரைந்த நினைவே இல்லை!

வலிப்பு நோய்க்காக 1953-ல் அமெரிக்காவில் அவருக்கு அறுவை சிகிச்சை செய்தார் வில்லியம் ஸ்கோவில். மூளையின் இருபுறமும் ஹிப்போகாம்பஸ் பகுதி பெருமளவு அகற்றப்பட்டது. புதிய நினைவுகள் தங்காமல் போயின. மான்ட்ரியலிலிருந்து வந்து அவரைச் சோதித்த பிரெண்டா மில்னர், கைப்பழக்கத்துக்கு மூளையில் வேறு வழி உண்டு என்று காட்டினார். ஸ்கோவிலும் அவரும் 1957-ல் எழுதிய கட்டுரையைப் பல ஆயிரம் ஆய்வுகள் மேற்கோள் காட்டிவிட்டன.

இப்போது ஓர் ஆய்வாளரின் தாக்கத்தை எண்ணால் அளக்கும் கணக்கைப் பாருங்கள். இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் 2005-ல் வகுத்த எச்-குறியீட்டின்படி, தலா 10 மேற்கோளாவது பெற்ற 10 கட்டுரைகள் இருந்தால் மதிப்பு 10. மில்னர் அந்த ஒரு கட்டுரையோடு நிறுத்தியிருந்தால்?

வெறும் 1.

வேலைக்கும் பதவி உயர்வுக்கும் இந்த எண்ணையே உரைகல்லாக்குவது பெரும் அநீதி. ஒரே ஆய்வை நாலாகப் பிய்த்து வெளியிடவும், தன் கட்டுரையைத் தானே மேற்கோள் காட்டவும் அது இளைஞர்களைத் தள்ளுகிறது. ஒரே நோயாளியோடு ஆண்டுக்கணக்கில் பொறுமையாக உட்கார யாருக்கு மனம் வரும்? தேர்வுக் குழுவினரே, விண்ணப்பதாரரின் சிறந்த மூன்று கட்டுரைகளைக் கேட்டு வாங்கி, முழுதாகப் படித்துவிட்டு முடிவெடுங்கள்.